மீன் குறைந்த ஆண்டில் கடற்பறவையின் முட்டை: தாய் சேர்க்கும் ஓமோன் குஞ்சைக் காப்பாற்றுமா?

கரையோரன், வெள்ளவத்தை

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கு அப்பாலுள்ள பாறைகளில் அமர்ந்து, கொண்டை ஆலா ஒன்று மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றை எதிர்த்து ஓரிடத்தில் சிறகடித்து நின்று, தலையைக் கவிழ்த்து, நேர்குத்தாக நீரில் விழுந்து எழும். பதினொரு முறை விழுந்ததை எண்ணினேன். அவற்றில் இரண்டு முறை மட்டுமே அதன் அலகில் விரலளவு மீன் குறுக்காகக் கிடந்தது. கடல் கலங்கியிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும், இதே பறவை முட்டையிடும் காலத்தில் இப்படி உழைத்துத்தான் தன் உடலையும் முட்டையையும் ஒருசேர நிரப்ப வேண்டியிருக்கும் என்ற எண்ணம் வீடு திரும்பும்வரை என்னை விடவில்லை.

இந்த இழையைத் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்மையில் ஒரு கூட்டத்தில், "நன்றாகத் தின்ற தாய்ப்பறவை முட்டையில் ஓமோனைக் கூடுதலாகச் சேர்க்கிறது, அதனால் குஞ்சு பிழைக்கிறது" என்று ஒருவர் சொன்னார். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்பறவைகளுக்கு உணவு கொடுத்துச் செய்த பரிசோதனைகளில் எனக்குத் தெரிந்த இரண்டு முக்கியமானவை இதற்கு மறுதலையான திசையைக் காட்டுகின்றன.

முதலாவது அலாஸ்கா வளைகுடாவிலுள்ள மிடில்டன் தீவில் நடந்தது. அங்கே கைவிடப்பட்ட பழைய ராடார் கோபுரம் ஒன்றின் சுவர் விளிம்புகளில், கறுப்புக் கால்களையுடைய கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் கூடு கட்டுகின்றன. கோபுரத்துக்குள் இருப்பவர் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி வழியாகக் கூட்டைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சுவரில் பொருத்திய குழாய் வழியாக மீனையும் கொடுக்கலாம். 1996 முதல் சில கூடுகளுக்கு இப்படி மீன் கொடுத்தும், பக்கத்துக் கூடுகளை அவற்றின் கடற்பாட்டுக்கே விட்டும் ஒப்பிட்டு வருகிறார்கள். ஒரே சுவர், ஒரே காற்று, ஒரே கடல். வேறுபடுவது மீன் மட்டுமே. 2007இல் வெளியான முடிவின்படி, முதல் முட்டைத்தொகுதியை எடுத்துவிட்டு மறுபடி இடச் செய்தபோது, மீன் கொடுக்கப்பட்ட தாய்கள் அந்த மாற்று முட்டைகளில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற அந்திரோஜன் ஓமோன்களையும், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளையும் குறைவாகவே வைத்திருந்தன. மீன் கொடுக்கப்படாத தாய்கள்தாம் கூடுதலாக வைத்திருந்தன.

பசித்த தாய் கூடுதலாக வைக்கிறாள். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று உங்களோடு ஆராய விரும்புகிறேன். என்னைப் பொறுத்தவரை, முட்டையிலுள்ள ஓமோன் தாயின் செழிப்பைக் காட்டுவது அன்று. பின்னால் மீன் போதாமற் போகும் என்ற நிலையில் குஞ்சை விரைவாக எழுந்து நிற்கச் செய்வதற்கு அவள் கொடுக்கும் உந்துதல்.


நெய்தல், கொட்டாஞ்சேனை

ஐயா, எனக்கு அடிப்படையான ஒரு சந்தேகம். ஓமோன் என்பது தாயின் இரத்தத்தில் ஓடுவது. அது முட்டைக்குள் எப்படிப் போகிறது? கோதுக்குள் அடைபட்ட பின்னர் தாய் எதையும் சேர்க்க முடியாதல்லவா?


உயிரியல் ரீச்சர், தெஹிவளை

தங்கச்சி, நல்ல இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படி தெளிவாகாமல் மேலே போனால் மற்றதெல்லாம் குழம்பிவிடும்.

உயர்தர மாணவர்களுக்கு நான் ஒரு கோழி முட்டையை நன்றாக அவித்து, கூரிய கத்தியை ஈரப்படுத்தி, மஞ்சட்கருவைச் சரிபாதியாக வெட்டிக் காட்டுவதுண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல மங்கலும் கடுமையுமான வட்டங்கள் சில முட்டைகளில் தெரியும். மஞ்சட்கரு ஒரே நாளில் உண்டாவதில்லை. சூலகத்தில் ஒரு புடைப்பினுள் நாளுக்கு நாள் படையாகச் சேர்ந்து அது பெருக்கிறது. கோழியில் இந்த விரைவான வளர்ச்சி ஏறத்தாழ ஒரு கிழமைக்குச் சற்று அதிகமான காலம் நடக்கும். அந்தப் புடைப்பின் சுவர்க் கலங்களே அந்திரோஜன்களைத் தயாரிக்கின்றன. அவை கொழுப்பில் கரைபவை என்பதால் கொழுப்பு நிறைந்த மஞ்சட்கருவுக்குள் எளிதாகச் சேர்ந்துவிடுகின்றன. வெண்கருவும் கோதும் பின்னரே வந்து சேரும். ஆகவே "தாய் முட்டையில் ஓமோனை வைத்தாள்" என்று நாம் சொல்லும்போது, கோது மூடுவதற்குப் பல நாட்களுக்கு முன்னர், அவள் கடலில் எவ்வளவு மீன் கண்டாள் என்ற அந்தக் குறுகிய காலத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மஞ்சட்கருவில் தாயின் டெஸ்டோஸ்டிரோன் இருப்பதை 1993இல் ஹியூபர்ட் ஷ்வாபல் கனரிக் குருவிகளில் காட்டினார். பின்னால் இடப்படும் முட்டைகளில் அது படிப்படியாகக் கூடுவதையும் அவரே கண்டார். கடற்பறவை ஆய்வுகள் பலவும் அந்தக் கேள்வியிலிருந்தே கிளைத்தவை.


ஆய்வுகூடத்தான், கொள்ளுப்பிட்டி

மருத்துவ ஆய்வுகூடமொன்றில் ஓமோன் அளவீடு செய்வது என் தொழில். பறவையியலில் எனக்குப் பயிற்சியில்லை, அளவீட்டில் உண்டு. அந்த உரிமையில் கரையோரன் ஐயாவின் பதிவிலுள்ள இரண்டு இடங்களை மறுக்க விரும்புகிறேன்.

முதலாவது, நீங்கள் குறிப்பிட்ட அதே ஆய்வில் முதல் முட்டைத்தொகுதியில் மீன் பெற்ற தாய்க்கும் பெறாத தாய்க்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. மாற்றுத் தொகுதியில் மட்டுமே வேறுபாடு வெளிப்பட்டது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் "பசித்த தாய் கூடுதலாக வைக்கிறாள்" என்று எழுதியிருக்க வேண்டும். முதற் தொகுதியைப் பற்றிய வரியை விட்டுவிட்டால், ஒரு நிபந்தனையோடு பெறப்பட்ட முடிவு எல்லாத் தாய்களுக்கும் உரிய விதியாகிவிடுகிறது.

இரண்டாவது, "உந்துதல் கொடுக்கிறாள்" என்ற சொல். உணவு போதாத உடலில் ஓமோன் சமநிலை மாறுவது இயல்பு. அந்த மாற்றம் மஞ்சட்கருவில் கசிந்து பதிந்திருக்கலாம். கசிவை நோக்கம் என்று அழைப்பது அவசரம். மேலும், இத்தகைய எந்த எண்ணைப் பார்த்தாலும் அது மஞ்சட்கருவின் ஒரு கிராமுக்கு உரிய செறிவா, முழு முட்டைக்கும் உரிய மொத்த அளவா என்று கேட்பது என் வழக்கம். மஞ்சட்கரு பெருத்தால் மொத்தம் மாறாமலே செறிவு குறையும். இந்த இரண்டையும் கலந்து பேசிய அறிக்கைகளால் நான் பலமுறை இடர்ப்பட்டிருக்கிறேன்.


கரையோரன், வெள்ளவத்தை

முதல் திருத்தத்தை முழுமையாக ஏற்கிறேன். முதற் தொகுதியில் வேறுபாடில்லை என்பதை நான் எழுதாமல் விட்டது பிழை. என் வாசிப்பில் அந்த விடயமே சிந்தனைக்குரியது. முதல் முட்டைகளை இடும்போது தாயிடம் சேமிப்பு இருக்கிறது. அதைச் செலவழித்த பின் இரண்டாம் முறை இடச் சொன்னால்தான் மீன் கிடைத்தவளுக்கும் கிடைக்காதவளுக்கும் உள்ள இடைவெளி முட்டைவரை இறங்குகிறது. குடும்பத்தில் முதல் வருத்தத்தைச் சேமிப்பால் சமாளித்துவிட்டு, இரண்டாவது வருத்தத்துக்குக் கைமாற்று வாங்குவதைப்போல.

கசிவா, ஏற்பாடா என்ற கேள்விக்கு நான் இரண்டாவது பரிசோதனையைக் கொண்டுவர விரும்புகிறேன். சிறிய கருமுதுகுக் கடற்காகங்களுக்கு முட்டையிடும் முன்னர் மேலதிக உணவு கொடுத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, நல்ல உடல்நிலை பெற்ற தாய்கள் அந்திரோஜன் குறைந்த முட்டைகளை இட்டன. ஆனால் அதே தாய்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்திருந்தது. இரத்தத்தில் கூட, முட்டையில் குறைய. இரத்தத்திலுள்ளதுதான் மஞ்சட்கருவுக்குள் வெறுமனே கசிகிறது என்றால் இரண்டும் ஒரே திசையில் அல்லவா போயிருக்க வேண்டும்? ரீச்சர் சொன்ன புடைப்பின் சுவர், உடலின் மற்றப் பகுதியிலிருந்து ஓரளவு பிரிந்து வேலை செய்கிறது என்பதற்கு இது வலுவான சாட்சி என்று நினைக்கிறேன்.


ஆய்வுகூடத்தான், கொள்ளுப்பிட்டி

இரத்தமும் முட்டையும் எதிர்த்திசையில் போனதாகச் சொன்னது நல்ல வாதம். வெறும் கசிவு என்ற என் நிலைப்பாட்டை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன். ஆயினும், பிரிந்து இயங்குகிறது என்பது ஒன்று, குஞ்சின் நன்மைக்காக இயங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை நிறுவ வேண்டுமானால் தாயை அளப்பது போதாது. குஞ்சு பிழைத்ததா என்று பார்க்க வேண்டும்.


உயிரியல் ரீச்சர், தெஹிவளை

குஞ்சைப் பார்ப்போம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கிட்டிவேக் வழமையாக இரண்டு முட்டைகள் இடும். முதல் முட்டை பொரித்து ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்து இரண்டாவது பொரிக்கும். அந்த இடைவெளிக்குள் மூத்தது தின்று வலுத்துவிடும். மீன் தட்டுப்பட்டால் மூத்தது இளையதின் தலையிலும் கழுத்திலும் கொத்தும். கூடு பாறைச் சுவரில் ஒரு கையகல விளிம்பில் இருப்பதால், தப்பப் பின்வாங்கும் இளையது கடலில்தான் விழ வேண்டும். மீன் நிறைய வந்தால் கொத்தல் குறையும், இரண்டும் வளரும். ஆகவே இளையதின் உயிர் பெரும்பாலும் மூத்ததின் பசியில் தங்கியிருக்கிறது. அந்த இரண்டாவது முட்டையின் மஞ்சட்கருவில் முதலாவதைவிடக் கூடுதலான அந்திரோஜன் இருப்பது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூடுதல் ஓமோன் என்ன செய்யும் என்பதைக் கருந்தலைக் கடற்காகங்களில் நேரடியாகச் சோதித்தார்கள். மூன்று முட்டையிடும் பறவை அது. 2001இல் வெளியான அந்த ஆய்வில், முட்டைக்குள் அந்திரோஜன் ஊசி மூலம் சேர்க்கப்பட்டபோது குஞ்சுகள் முந்திப் பொரித்தன, வேகமாகவும் வளர்ந்தன. ஆனால் 2005இல் அதே இனத்தில், அப்படி ஓமோன் பெற்ற குஞ்சுகளின் நோயெதிர்ப்புத் துலங்கல் குறைந்திருப்பதும் காட்டப்பட்டது. விரைவாக வளரும் குஞ்சு, நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் குஞ்சாகவும் ஆகிவிடுகிறது. பின்னால் மீன் வரும் என்ற நிலையிலுள்ள தாய் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. மிடில்டன் ஆய்வாளர்கள் தம் முடிவை இப்படித்தான் விளக்கினார்கள், நானும் அதையே சரியென்று கொள்கிறேன்.

சிறிய கருமுதுகுக் கடற்காகத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. முட்டையிடும் வரிசையில் அந்திரோஜன் ஏறிச் செல்ல, கலங்களைச் சேதத்திலிருந்து காக்கும் கரோட்டினொயிட்டுகளும் விற்றமின் ஈயும் இறங்கிச் செல்கின்றன. கடைசிக் குஞ்சுக்குத் தாய் வேகத்தைக் கொடுக்கிறாள், காவலைக் குறைத்துக் கொடுக்கிறாள். அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.


நெய்தல், கொட்டாஞ்சேனை

ரீச்சர், எல்லாத் தாய்களும் கடைசிக் குஞ்சுக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கின்றனவா?


உயிரியல் ரீச்சர், தெஹிவளை

இல்லை. நாம் தினமும் காணும் உண்ணிக்கொக்கே மறுதலையான உதாரணம். பெல்லன்வில அத்திடியச் சதுப்பு நிலப் பக்கம் போனால் மாடுகளின் காலடியில் நடந்து திரியுமே, அதே கொக்கு. 1997இல் வெளியான ஆய்வொன்றின்படி, அந்தத் தாய் முதலில் இடும் முட்டைகளுக்கே அந்திரோஜனைக் கூடுதலாகவும் கடைசி முட்டைக்குக் குறைவாகவும் வைக்கிறது. மூத்தவை அடித்துப் பறிக்கும், கடைசிக் குஞ்சு உணவு மிஞ்சும் ஆண்டில் மட்டும் பிழைக்கும். அதே ஓமோனைக் கிட்டிவேக் இடைவெளியைக் குறைக்கவும், கொக்கு இடைவெளியைப் பெருப்பிக்கவும் பயன்படுத்துவதாகத் தோன்றுகிறது.


ஆய்வுகூடத்தான், கொள்ளுப்பிட்டி

இதோடு அமெரிக்க வல்லூற்றின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000இல் வெளியான ஆய்வில், அதன் முதல் முட்டைகளில் அந்திரோஜன் சேர்த்தபோது பொரிப்பது தாமதமானது, குஞ்சின் வளர்ச்சி குன்றியது, இறப்பும் கூடியது. கடற்காகத்துக்கு உந்துதலாக இருந்தது வல்லூற்றுக்கு இடையூறாகிவிட்டது. "ஓமோன் கூடினால் குஞ்சு பிழைக்கும்" என்ற சூத்திரத்தை இனத்துக்கு இனம் பெயர்க்க முடியாது என்பதே என் கவலை.


பாய்மரம், முகத்துவாரம்

நான் மீன்பிடிக் குடும்பத்தவன். தகப்பனார் நீர்கொழும்பில் தொழில் செய்தவர். எனக்குக் கொழும்பில் வேறு வேலை. ஓமோன் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. மீனைப் பற்றிச் சொல்லலாம்.

நீங்கள் எல்லோரும் "உணவு கூட, உணவு குறைய" என்று எழுதுகிறீர்கள். மீனை எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது. ஒரே சூடை மீன், நெய் வைத்த பருவத்தில் கறிச்சட்டியில் தானே எண்ணெய் விடும். வேறு பருவத்தில் அதே அளவு மீன் தவிடு மாதிரிச் சப்பென்றிருக்கும். வீட்டில் அம்மா செவுளைப் பார்க்கும் முன்னர் வயிற்றைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். பெருவிரல் வழுக்கினால் வாங்குவார், காய்ந்த தோல் தட்டுப்பட்டால் அடுத்த பெட்டிக்குப் போவார். பறவைக்கும் அந்த வேறுபாடு இல்லாமலா போகும்?


கரையோரன், வெள்ளவத்தை

தம்பி, இந்த இழையில் இதுவரை நாங்கள் எவரும் தொடாத இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

2004இல் வட கடலில் கடற்பறவைகளின் இனப்பெருக்கம் பரவலாகத் தோற்றுப்போனது. ஸ்கொட்லாந்தின் மே தீவில், தாய் தகப்பன் பறவைகள் குஞ்சுகளுக்கு மீன் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தன. ஆய்வாளர்கள் அந்த மீன்களை எடுத்து அவற்றின் சக்திப் பெறுமானத்தை அளந்தபோது அது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அலகில் மீன் இருந்தது, மீனில் நெய் இல்லை. அங்கே முக்கியமாக ஆராயப்பட்ட கில்லிமொட் ஒற்றை முட்டையிடும் பறவை. உடன்பிறப்புப் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லாத கூட்டில், ஒரேயொரு குஞ்சும் மெலிந்தது.

குஞ்சு பொரித்த பின்னர் நடப்பதற்கும் ஓமோன் உண்டு. உணவு போதாத கிட்டிவேக் குஞ்சுகளின் இரத்தத்தில் கோட்டிகோஸ்டெரோன் என்னும் அழுத்த ஓமோன் உயர்கிறது. அலெக்சாண்டர் கிற்றைஸ்கி குழுவினர் அந்த ஓமோனைக் குஞ்சுகளில் செயற்கையாக உயர்த்தியபோது அவை கூடுதலாக இரந்து கத்தின, பெற்றோரும் கூடுதலாக உணவு கொண்டுவந்தன. இன்னொரு பரிசோதனையில், அப்படி ஓமோன் உயர்த்தப்பட்ட குஞ்சுகள் பின்னர், உணவு எங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளத்தைக் கற்றுக்கொள்ளும் திறனில் பின்தங்கின. கடலில் மீன் தேடுவதையே வாழ்க்கையாகக் கொண்ட பறவைக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்கிறது? இதை வாசித்த இரவு எனக்கு மனம் கனத்திருந்தது.

எனவே என் முதற் பதிவின் கூற்றை இப்படி ஒடுக்கிக்கொள்கிறேன். முட்டை ஓமோனால் குஞ்சின் வேகத்தை மாற்றலாம், பொரிக்கும் நேரத்தை மாற்றலாம், கூட்டுக்குள் யார் முந்துவது என்பதை மாற்றலாம். இல்லாத மீனை அதனால் உண்டாக்க முடியாது. தாய் மஞ்சட்கருவில் எழுதியது நிறைவேறுவதற்கு, நாற்பது நாட்களுக்கு மேலாகக் கடல் தன் பங்கைத் தர வேண்டும்.


ஆய்வுகூடத்தான், கொள்ளுப்பிட்டி

இந்த வடிவத்தில் எனக்கு மறுப்பில்லை. "இல்லாத மீன்" எந்த அளவில் தொடங்குகிறது என்பதற்கும் ஓர் எண் இருக்கிறது. 2011இல் ஏழு கடற்சூழல் தொகுதிகளில் பதினான்கு கடற்பறவை இனங்களின் நீண்டகாலத் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இரைமீனின் அளவு அதன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் இனப்பெருக்க வெற்றி சரியத் தொடங்குவது தெரிந்தது. அதற்கு மேலே எவ்வளவு கூடினாலும் குஞ்சுகள் பெரிதாகக் கூடுவதில்லை. மிடில்டனில் குழாயால் கொடுத்த மீன் எந்த ஆண்டில் பெரிய வேறுபாட்டைக் காட்டும், எந்த ஆண்டில் காட்டாது என்பதை விளங்கவும் இது உதவும் என்று நினைக்கிறேன்.


நெய்தல், கொட்டாஞ்சேனை

நம் கரையின் ஆலாக்களுக்கு இதில் எது பொருந்தும்? தலைமன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணற்றிட்டுகளில் அவை முட்டையிடுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அடுத்த பருவத்தில் அங்கே போய்ப் பார்க்க ஆசை.


கரையோரன், வெள்ளவத்தை

ஆம், அந்தத் திட்டுகளில் பலவகை ஆலாக்கள் இனம்பெருக்குகின்றன. 2015 முதல் அது தேசியப் பூங்காவும்கூட. பெரிய கொண்டை ஆலாவும் பிரைடில்ட் ஆலாவும் வழமையாக ஒற்றை முட்டையே இடும். ரீச்சர் சொன்ன முட்டை வரிசைக் கணக்கு எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. மூத்ததுக்குக் குறைத்து இளையதுக்குக் கூட்டிக் கொடுக்கும் வழி ஒற்றை முட்டைத் தாய்க்கு இல்லை. அவளால் முடிந்ததெல்லாம் அந்த ஒரு முட்டையில் எவ்வளவு என்று தீர்மானிப்பதும், எப்போது இடுவது என்பதும், இந்த ஆண்டு இடாமலே விடுவதும்தான். சின்ன ஆலா இரண்டு மூன்று முட்டை இடுவதால் அதில் வரிசையைப் பற்றிய கேள்வியைக் கேட்கலாம்.

போவதைப் பற்றி ஒரு வேண்டுகோள். அனுமதி பெற்றுச் சென்றாலும் திட்டில் இறங்கி நடக்காதீர்கள். அந்த முட்டைகள் வெறும் மணலிலுள்ள சிறு குழியில் கிடக்கும், நிறமும் மணலின் நிறந்தான். மனிதரைக் கண்டு தாய் எழும்பிய சில நிமிடங்களில் நடுப்பகல் வெயில் முட்டையைக் கெடுத்துவிடும். காகமோ மற்றக் கடற்பறவையோ எடுத்தும்விடும். படகிலிருந்தே தொலைநோக்கியால் பார்த்து, அலகில் மீனோடு எத்தனை பறவைகள் திட்டுக்குத் திரும்புகின்றன என்று மணிக்கணக்கில் எண்ணினால் போதும். முட்டையைத் தொடாமலே உணவுப் பக்கத்தைப் பதிவு செய்யலாம்.


பாய்மரம், முகத்துவாரம்

தலைமன்னாரில் மாமா வீட்டுப் படகு இருக்கிறது. அனுமதி கிடைத்தால் திட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கச் சொல்கிறேன். அந்த நாட்களில் கரைவலையில் விழும் சூடையிலும் நெத்தலியிலும் ஒவ்வொரு நாளும் பத்து மீனை நிறுத்து, வயிற்றைக் கீறி நெய் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைக்கிறேன். எந்தத் தராசு, எத்தனை தசமத் தானம் என்று ஆய்வுகூடத்தான் அண்ணா சொல்ல வேண்டும்.


ஆய்வுகூடத்தான், கொள்ளுப்பிட்டி

ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் தராசு போதும். நிறையோடு மூக்கு நுனியிலிருந்து வாற்பிளவு வரையுள்ள நீளத்தையும் எழுதுங்கள். நீளம் இல்லாமல் நிறையை மட்டும் வைத்து மீன் கொழுத்ததா மெலிந்ததா என்று சொல்ல முடியாது. நிறுக்கும் முன்னர் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள், எல்லா நாளும் ஒரே மாதிரி.